வேலிமேல் அமர்ந்த வீரர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைப் பாதி கடித்த நிலையில், லுட்ஸ் பிரபு ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். களப்போட்டிக்குப் போய்விடுவது. அடிபடாமல் திரும்பிவிடுவது.

கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிராங்கோனியா நாட்டில் அதுவரை எந்தக் குதிரைவீரரும் இந்த இரண்டையும் சேர்த்துச் சாதித்ததில்லை. போவதைப் பலர் சாதித்திருந்தார்கள். களப்போட்டி என்றால், இருநூறு பிரபுக்கள் இரண்டு அணியாகக் குதிரைமேல் நின்று, கொம்பு ஊதியதும் ஒன்றாகக் கலந்து, ஒருவரையொருவர் துணி துவைப்பதுபோல் துவைப்பது. முதல் மணி நேரம் உருட்டுக்கட்டையால். அடுத்த மணி நேரம் மழுங்கிய வாளால், எதிரியின் தலைக்கவசத்து உச்சியில் இருக்கும் குலச்சின்னத்தை வெட்டிச் சாய்க்க வேண்டும். சின்னத்துக்கு நேர் கீழே தலை இருக்கிறது என்பதுதான் இந்த விளையாட்டின் சுவாரசியம்.

மற்றக் குலங்கள் சிங்கம், கழுகு, காட்டுப்பன்றி என்று வைத்துக்கொண்டிருந்தன. லுட்ஸ் பிரபுவின் கோட்டையான ஹாசன்எக்கின் சின்னம் முயல். வேகவைத்த தோலில் செய்து, வெள்ளையடித்து, முழ நீளத்தில் இரண்டு காதுகள் வைத்திருந்தார்கள். முப்பாட்டனார் எந்த மனநிலையில் முயலைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அந்தக் காதுகள் களத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். வெட்டுவதற்கும் வாகானவை.

போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். லுட்ஸ் பிரபு கேட்டுப் பார்த்துவிட்டார். விதி இடம் கொடுக்கவில்லை. ஐம்பது வருஷம் களத்தில் இறங்காத குலத்தின் பெயரை வம்சப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். ஹாசன்எக்கிலிருந்து கடைசியாக இறங்கியவர் தாத்தா. அதற்கு நாற்பத்தொன்பது வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. அப்பா வாழ்நாள் முழுவதும் முழங்கால் வலி என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இந்த அக்டோபரில் பாம்பெர்க் நகரில் நடக்கும் போட்டியையும் விட்டால் பெயர் போய்விடும். பெயர் போனால், பத்தொன்பது வயது மகள் ஊர்சுலாவை எந்தப் பிரபு வீட்டிலும் எடுக்கமாட்டார்கள். பீப்பாய் வியாபாரிகள் வேண்டுமானால் வருவார்கள்.

இதில் லுட்ஸ் பிரபுவுக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. போன வருஷம் ஒருவருக்கு அடித்த அடியில் தலை வீங்கி, கவசம் கழலாமல், கொல்லனிடம் கூட்டிப்போய்ப் பட்டறைக் கல்லில் தலையைச் சாய்க்க வைத்து வெட்டி எடுத்தார்கள். கொல்லன் நிதானக்காரன் என்பதால் ஒரு காது மட்டும்தான் போயிற்று. இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து லுட்ஸ் பிரபு காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு காதுகளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பெட்டி நிறைய வீரக்கதை ஏடுகள் இருந்தன. துணிவு வருமென்று நம்பி அவற்றை மறுபடியும் படித்தார். அவற்றில் வரும் வீரன் ஒற்றை ஆளாக நாற்பது பேரை வெட்டுகிறான், பாம்பைக் கொல்கிறான், கோபுரத்திலிருந்து குதிக்கிறான். ஒரு வீரனுக்கும் வயிறு கலங்குவதில்லை. அதை எழுதியவர்கள் மனித உடம்பில் வயிறு என்ற உறுப்பையே விட்டுவிட்டார்கள். லுட்ஸ் பிரபுவின் உடம்பிலோ இப்போது அது ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட அவர் பயந்தது எங்கல்ஹார்டுக்கு. ஆற்றுக்கு அக்கரையில் கோட்டை வைத்திருந்த பிரபு அவர். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். சில நிலைகளில் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டியிருக்கும். அறுவடைத் திருவிழாவில் பீர் குவளையோடு வந்து, லுட்ஸின் தோளில் கையைப் போட்டு, "களத்துல பாப்போம் ஓய்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை லுட்ஸ் பிரபு பதினோரு நாள் ஆராய்ந்தார். ஆராய ஆராய அதில் பற்கள் அதிகமாகிக்கொண்டே போயின.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கு நடுவே உதித்த யோசனை இந்தப் பயத்தின் பிள்ளை. போட்டிக்கு முந்தின நாள் எல்லாத் தலைக்கவசங்களையும் மடத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக வைப்பார்கள். பிரபுக்களின் மனைவியர் நடந்து பார்ப்பார்கள். பெண்களைப் பற்றித் தப்பாகப் பேசியவன் யாராவது இருந்தால், அந்தப் பெண் அவன் கவசத்தைத் தொட்டால் போதும். நடுவர்கள் விசாரித்து, உண்மையென்றால், மறுநாள் களத்தில் அவனுக்கு அடி. அடித்து முடித்து, போட்டி முடியும்வரை குதிரையைப் பிடுங்கிக்கொண்டு, வேலிமேல் சேணத்தைப் போட்டு அதில் உட்கார வைத்துவிடுவார்கள். லுட்ஸ் பிரபு விதிநூலை எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது. மேற்கொண்டு புரட்டவில்லை, கெட்டிக்காரர்கள் நல்ல செய்தி கிடைத்த இடத்தோடு நூலை மூடிவிடுவார்கள். வால்புர்கா எங்கல்ஹார்டின் கவசத்தைத் தொட்டுவிட்டால், ஊரே எங்கல்ஹார்டை அடிக்கும். முயலை யார் பார்க்கப் போகிறார்கள்?

வால்புர்கா அவருடைய மனைவி. அப்போது அடுக்களையில் குளிர்காலத்துக்கு ஊறப்போட முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு மலை முட்டைக்கோஸ். கையில் வாள் என்று சொல்லத்தக்க கத்தி.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உன்னைப் பத்தி ஒருத்தன் தப்பாப் பேசினான்."

"யாரு?"

"எங்கல்ஹார்ட்."

"அப்படியா. என்ன பேசினாரு?"

இந்தக் கேள்விக்கு லுட்ஸ் பிரபு தயாராக வரவில்லை. திட்டத்தின் மேல்மாடியெல்லாம் கட்டி முடித்துவிட்டு, வாசற்படியை மறந்திருந்தார். நாக்கு தடுமாறி, கைக்கு எட்டிய முதல் குறையை எடுத்துவிட்டது.

"உன் காலு ரெண்டும் ராத்திரியில பனிக்காலத்து மீன் மாதிரி சில்லுனு இருக்காம்."

கத்தி நின்றது.

"எங்கல்ஹார்ட் சொன்னாரு."

"ஆமா."

"ராத்திரியில."

"என் காதால கேட்டேன்."

"பாத்துட்டுச் சொன்னாரா, தொட்டுட்டுச் சொன்னாரா?"

"அதெல்லாம் நான் விசாரிக்கல. கோவத்துல எழுந்து வந்துட்டேன்."

"ரொம்பக் கோவமோ?"

"ரத்தம் கொதிச்சுது, வால்பா."

"அங்கயே ரெண்டு போட்டிருக்கலாமே?"

அதற்கெல்லாம் முறை இருக்கிறது என்று லுட்ஸ் பிரபு விளக்கினார். கவசம், தாழ்வாரம், தொடுதல், அடி, வேலி எல்லாவற்றையும் விளக்கினார். குல மானம் என்ற சொல்லை மூன்று தடவை சொன்னார். வால்புர்கா பொறுமையாகக் கேட்டாள்.

"இதை யாரு சொன்னாங்களோ, அவங்க கவசத்தைத்தானே தொடணும்?"

"யாரு சொன்னாங்களோ அவங்களோடதை."

"சரி. தொட்டுடறேன்."

கத்தி மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதன் வேகம் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்ததை லுட்ஸ் பிரபு கவனித்தார். எங்கல்ஹார்டை நினைத்துக்கொண்டு நறுக்குகிறாள் என்று எண்ணி மகிழ்ந்தார். அன்று மத்தியானம் பதினோரு நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்.

பாம்பெர்க் மடத்துத் தாழ்வாரத்தில் இருநூறு கவசங்கள் நீளப் பலகைமேல் நின்றன. நடுவே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆண்கள். பெண்கள் அந்தப் பக்கம், இருவர் இருவராக. கட்டியக்காரர் ஒவ்வொரு கவசத்துக்கும் உடையவர் பெயரையும் பாட்டன் பெயரையும் கணீரென்று சொல்லிக்கொண்டே முன்னே நடந்தார். எங்கல்ஹார்டின் கவசத்தில் எருமைக்கொம்பு. பக்கத்திலேயே முயல், காதுகளை நிமிர்த்திக்கொண்டு.

வால்புர்கா வந்தாள். கொம்புக் கவசத்தின் முன் நின்றாள். அவள் கையை நீட்டினாள். நீட்டியவள் கொம்பருகே போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, கொம்பில் படிந்திருந்த தூசியை வாயால் ஊதினாள். தன் வீட்டுப் பாத்திரம்போல் கொஞ்சம் அக்கறையோடு. பிறகு ஒரு எட்டு நகர்ந்தாள். முயலின் இரண்டு காதுகளுக்கும் நடுவே உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

கட்டியக்காரர் அடுத்த பெயரைப் பாதியில் நிறுத்தினார்.

"அம்மா, இது தங்கள் கணவருடையது" என்றார் கட்டியக்காரர். கை தவறிப் பட்டிருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

"தெரியும்" என்றாள் வால்புர்கா. கையை எடுக்கவில்லை.

விசாரணை அங்கேயே நடந்தது. மூன்று நடுவர்கள், மூவரும் கிழவர்கள், மூவருக்கும் மனைவிமார் எதிரே நின்றிருந்தார்கள். தன் பெண்டாட்டியைப் பற்றித் தானே இழிவாகப் பேசி, அந்தப் பேச்சைப் பிறத்தியான் வாயில் வைத்தார் என்பது குற்றம். என்ன பேசினார் என்று நடுவர் கேட்டதற்கு, குடும்பத்துப் பெண்கள் இருக்கும் இடத்தில் அதைச் சொல்ல முடியாது என்று வால்புர்கா தலைகுனிந்தாள். அவ்வளவுதான். அங்கிருந்த நூற்றிருபது பெண்களும் ஆளுக்கொன்றாகக் கற்பனை செய்துகொண்டார்கள். மீன் ஒருத்தி மனத்திலும் தோன்றியிருக்காது. அதைவிடப் பெரியவை தோன்றின என்பது அவர்கள் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"ஹாசன்எக் பிரபுவே, மறுக்கிறீரா?"

லுட்ஸ் பிரபு வாயைத் திறந்தார். மறுத்தால், பேசியது எங்கல்ஹார்ட்தான் என்று சொல்ல வேண்டும். எங்கல்ஹார்ட் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கல்ஹார்டின் மனைவி அவருக்கு எதிரே. வால்புர்காவின் கால் ராத்திரியில் எப்படி இருக்கும் என்று எங்கல்ஹார்டுக்குத் தெரியும் என்பதை இந்தச் சபையில் எடுத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பது, ஒன்பது நாள் தாமதமாக, அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது மடல்களில் ரத்தம் ஏறியது. வாயை மூடிக்கொண்டார்.

"ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதினார்கள்.

விதிநூலின் இரண்டாம் பக்கம் அதன் பிறகுதான் அவருக்கு அறிமுகமாயிற்று. நடுவர் அதைப் படித்தார். குற்றம் சாட்டிய பெண் விரும்பினால் தண்டனையைப் பொதுவில் விடலாம். களத்தில் உள்ள அனைவரும் அடிக்கலாம். அல்லது, தன் சார்பில் அடிக்க ஒருவரைக் குறிப்பிடலாம். அந்தப் பெண் தன் முக்காட்டை எடுத்துப் போடும்வரை அந்த ஒருவர் மட்டும் அடிப்பார். எப்படி வசதி?

லுட்ஸ் பிரபு கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தை முழுவதுமாகக் கண்ணில் திரட்டி வைத்துப் பார்த்தார். ஒற்றை ஆள் போதும், யாராவது கிழவனாகப் பார்த்துச் சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. வால்புர்காவுக்கு அது புரிந்ததுபோல்தான் இருந்தது. மெல்லத் தலையசைத்தாள்.

"எங்கல்ஹார்ட் பிரபு அடிக்கட்டும்."

அன்று மாலை மடத்தில் பரிமாறிய புகையிட்ட மாமிசத்தை லுட்ஸ் பிரபு தொடவில்லை. பாவமன்னிப்புக் கேட்கப் போனார். குரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உயிலில் மடத்தை மறந்துவிட வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை களம். நாலுபுறமும் மர வேலி, அதற்கப்பால் பந்தல், பந்தலில் பெண்கள். மற்ற வீரர்கள் வரிசையாக நிற்க, நடுவே லுட்ஸ் பிரபு மட்டும். கவசத்துக்குள் அவருடைய மூச்சு அவருக்கே வேறு யாரோ ஓடிவருவதுபோல் கேட்டது. முழங்கால்கள் குதிரையின் விலாவில் தாளம் போட்டன. அந்தத் தாளத்தைப் புறப்படும் உத்தரவு என்று குதிரை இரண்டு தடவை தப்பாக எடுத்துக்கொண்டது. கண்ணுக்கு விட்டிருந்த கீற்று வழியே பார்த்தார். எருமைக்கொம்பு வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே எங்கல்ஹார்ட். கையில் இருந்ததை உருட்டுக்கட்டை என்பதைவிட இளம் ஓக் மரம் என்பது பொருத்தம்.

முதுகில்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. மார்பில் புண் பட்டால் புகழ், முதுகில் பட்டால் பழி என்று நம்மூர்ப் பக்கம் சொல்வதுண்டு. லுட்ஸ் பிரபுவுக்கு அந்த வேறுபாட்டில் அக்கறையில்லை. உள்ளே இருக்கும் எலும்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று அவர் எண்ணினார். கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்த புனிதர்கள் பெயரையெல்லாம் சொன்னார். தெரியாத இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்.

எங்கல்ஹார்ட் இடி இடிப்பதுபோல் ஒரு கூச்சல் போட்டார். பந்தலில் சில பெண்கள் காதைப் பொத்தினார்கள். கட்டை காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

தொம்.

சமுக்காளத்தைக் கொடியில் போட்டுத் தூசி தட்டினால் இப்படித்தான் கேட்கும். வலியைக் காணோம். வழியில் எங்கோ தங்கிவிட்டது, பின்னால் வரும் என்று லுட்ஸ் பிரபு காத்திருந்தார். இரண்டாவது கூச்சல் இன்னும் பெரிது. அடி இன்னும் சிறிது. மூன்றாவது அடி விழுந்ததும் பந்தலிலிருந்து ஒரு வெள்ளை முக்காடு பறந்து வந்து களத்தில் விழுந்தது. நடுவர்கள் கையைத் தூக்கினார்கள். கட்டியக்காரர் பதிவேட்டை விரித்து, ஹாசன்எக் குலம் களத்தில் இறங்கியது என்று எழுதி, மணல் தூவி, மூடினார்.

பிறகு லுட்ஸ் பிரபுவைத் தூக்கி வேலிமேல் சேணத்தில் வைத்தார்கள். தண்டனை பெற்றவர் போட்டி முடியும்வரை இறங்கக் கூடாது. இறங்காமல் பார்த்துக்கொள்வது அடித்தவர் பொறுப்பு. எங்கல்ஹார்ட் கட்டையைத் தரையில் ஊன்றி, வேலிக்குக் கீழே காவலுக்கு நின்றார். கொம்பு ஊதியது. களத்தில் புழுதி எழுந்தது.

இரண்டு மணி நேரம் இந்த மனிதனோடு தனியாக. அடி மூன்றோடு நின்றதன் மிச்சத்தை இங்கே வைத்துத் தீர்ப்பானோ? சேணம் உறுத்தியது. கொஞ்சம் அசைந்து உட்காரப் பார்த்தார்.

"ஓய், அசையாதேயும்" என்றார் எங்கல்ஹார்ட், உதடு அசையாமல்.

"இல்ல, கால் மரத்துப் போச்சு..."

"மரத்தா மரக்கட்டும். கீழ விழுந்து தொலைச்சுடாதேயும். நீர் இறங்கினா என் காவல் முடிஞ்சுது. நான் உள்ள போகணும்."

லுட்ஸ் பிரபு குனிந்து பார்த்தார். எங்கல்ஹார்ட் கட்டையோடு சேர்த்து வேலிக்கம்பையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எங்கல்ஹார்ட், உமக்கா பயம்?"

"ஏன், எனக்கு எலும்பு இல்லையா? உம்ம அளவுக்கு ஆளா இருந்தா நாலு பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம். என்னை எங்க ஒளிச்சு வைக்கிறது? உள்ள வர்றவன் எல்லாம் என்னைத்தான் முதல்ல அடிக்கிறான். எங்கல்ஹார்டையே அடிச்சேன்னு ஊர்ல சொல்லிக்கலாமில்ல."

"அன்னிக்குத் திருவிழாவுல களத்துல பாப்போம்னீரே?"

"நீராவது பக்கத்துல இருப்பீர்னு ஒரு தைரியத்துக்குச் சொன்னேன் ஓய்."

களத்தில் காட்டுப்பன்றி ஒன்றின் தலை பறந்தது. இருவரும் கண்ணை மூடித் திறந்தார்கள். ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு கொல்லன் இருந்த பக்கம் ஓடினார்கள்.

எங்கல்ஹார்ட் மெல்ல மற்றதையும் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன் தம் பயத்தை மனைவியிடம் சொல்லி அழுததாகச் சொன்னார். அவள் ஆற்றைக் கடந்து போய் வால்புர்காவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு பெண்களும் முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டுக்கொண்டே விதிநூலைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார்கள். அடித்தவரும் களத்தில் இறங்கியவராகவே கணக்கு, அடிபட்டவரும் அப்படியே. இருவரும் போட்டி முடியும்வரை வேலியோரம். யார் அடிப்பது, எத்தனை அடி, எவ்வளவு அழுத்தி என்பதெல்லாம் அங்கேயே பேசி முடித்தாயிற்று. தொடுவதற்கு ஒரு குற்றம் மட்டும்தான் கிடைக்காமல் இருந்ததாம்.

"அதை நீரே கொண்டாந்து குடுத்தீராமே?" என்றார் எங்கல்ஹார்ட். "என்ன சொன்னீர்னு மட்டும் சொல்லமாட்டேங்கறாங்க."

லுட்ஸ் பிரபு களத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?" என்று கேட்டார்.

எங்கல்ஹார்ட் அண்ணாந்து பார்த்தார். "உமக்கு இன்னும் சொல்லலையா? உம்ம பொண்ணை என் பெரிய பையனுக்குப் பேசி முடிச்சாச்சு. உம்ம குலம் பதிவேட்டுல இருக்கணும். என்னை எவனும் நொண்டியாக்காம விடணும். ரெண்டும் ஆச்சு. நல்லா உக்காரும், சம்பந்தி."

போட்டி முடிந்தபோது முழு உடம்போடு இருந்தவர்கள் இருநூற்றில் இரண்டு பேர்.

மறுநாள் காலை வெயிலில் வீடு திரும்பினார்கள். லுட்ஸ் பிரபு குதிரையில், வால்புர்கா அவள் குதிரையில் பக்கத்தில். காதுகள் இரண்டும் சேதமில்லாமல், முயல் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. ஒரு வீரனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி எங்கே தொடங்குவது என்று லுட்ஸ் பிரபு இரண்டு மைல்வரை யோசித்தார்.

"நான்தான் சொன்னேன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"என் கால் சில்லுனு இருக்கறது உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும்."

இன்னும் அரை மைல் போனது. முதுகில் அந்த மூன்று இடங்களும் வலிக்கிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்த்தார். வலிக்கவில்லை. அதனால் குரலில் வலியைச் சேர்த்துக்கொண்டார்.

"எல்லாம் சரி, வால்பா. அந்த எருமை கை தவறி ஓங்கிப் போட்டிருந்தான்னா? நான் அங்கயே செத்து விழுந்திருந்தா? அதை யோசிச்சியா நீ?"

"யோசிக்காம இருப்பேனா" என்றாள் வால்புர்கா, நிஜமான கவலையோடு. "துக்கம் காக்கணும், கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும். அதனாலதான் மூணே அடின்னு கண்டிப்பாச் சொல்லி வச்சேன்."